பங்காளி மாநிலங்கள்: கேள்வி பதில்

அமெரிக்காவில் பக்கத்துப் பக்கத்து மாநிலங்களில் எவை மக்களிலும் பழக்கவழக்கத்திலும் ஒரே அச்சு என்று பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சார், வட டகோட்டா, தென் டகோட்டாதானே விடை? பெயரே சொல்கிறதே!

பதில்: பாதி சரி. அது ஒரு பாகப்பிரிவினை. ஒன்றாக இருந்த பிரதேசத்தைப் பிரித்து, 1889 நவம்பர் 2 அன்று ஒரே நாளில் இரண்டு மாநிலங்களாக்கினார்கள். எது மூத்தது என்று பிற்பாடு சண்டை வரக்கூடாதென்று அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் தாள்களைக் கலைத்துப்போட்டுக் கையெழுத்திட்டார். இரண்டிலும் ஜெர்மன், நார்வே வழிவந்தவர்கள் அதிகம். 2020 கணக்குப்படி இரண்டிலும் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தொடவில்லை. ஆனால் வடக்கே எண்ணெய்க் கிணறுகள், தெற்கே பூர்வகுடி மக்களின் பங்கு கூடுதல். என் ஓட்டு கன்சாஸ், நெப்ராஸ்காவுக்கு.

கேள்வி: அது எப்படி? அந்த இரண்டையும் பற்றி யாருமே பேசுவதில்லையே.

பதில்: பேசாததுதான் ஒற்றுமைக்கு முதல் சாட்சி! இரண்டும் 1854-இல் ஒரே சட்டத்தில் பிரதேசங்களாகப் பிறந்தவை. கிழக்கே நகரங்களும் மக்காச்சோளமும், மேற்கே போகப்போக வறண்ட மேய்ச்சல் நிலம். சாப்பாட்டைப் பாருங்கள். கொத்திய மாட்டுக்கறியும் முட்டைக்கோசும் அடைத்துச் சுட்ட ஒரு பன் உண்டு. நெப்ராஸ்காவில் ரன்சா, கன்சாஸில் பியராக். பெயர்தான் வேறு, பண்டம் ஒன்றே. ரஷ்யாவின் வோல்கா நதிக்கரையிலிருந்து வந்த ஜெர்மானியர் கொண்டுவந்தது. இன்றைய மாற்றமும் ஒன்றேதான். இறைச்சி ஆலை வேலைக்கு லத்தீன் அமெரிக்கர்கள் வந்து, கன்சாஸின் டாட்ஜ் சிட்டியிலும் நெப்ராஸ்காவின் ஸ்கைலரிலும் இப்போது அவர்களே பெரும்பான்மை. வித்தியாசம் வேண்டுமென்றால், நெப்ராஸ்கா சட்டமன்றத்துக்கு 1937 முதல் ஒரே அவைதான்.

கேள்வி: வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர்? வரைபடத்தில் ஒன்றைத் தலைகீழாக வைத்த மாதிரி இருக்கின்றனவே.

பதில்: ஆளும் மலையும் ஒன்று, மனசு வேறு. வெர்மான்ட், இடதுசாரி அரசியல்வாதி பெர்னி சாண்டர்ஸைச் செனட் சபைக்கு அனுப்பும் ஊர். நியூ ஹாம்ப்ஷயரில் விற்பனை வரியும் இல்லை, சம்பளத்துக்கு மாநில வரியும் இல்லை. அதன் தெற்குப் பக்கம் பாஸ்டனின் புறநகர் மாதிரி ஆகிவிட்டது.

கேள்வி: ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஆற்றைத் தாண்டி வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரில் குடியிருந்தால் வரி மிச்சம் என்கிறான் நண்பன். இரண்டும் ஒன்றுதானா அண்ணா?

பதில்: வாழ்க்கை ஒன்றுதான் தம்பி, வரி ஒன்றில்லை. ஒரிகனுக்குள் போய் வேலை பார்த்தால், எங்கே குடியிருந்தாலும் அந்தச் சம்பளத்துக்கு ஒரிகனுக்கு வருமான வரி கட்ட வேண்டும். கடைக்கு மட்டும் போர்ட்லாந்து போங்கள், அங்கே விற்பனை வரி கிடையாது. உண்மையான எல்லை கொலம்பியா ஆறு இல்லை, காஸ்கேட் மலைத்தொடர். அதற்குக் கிழக்கே இரண்டு மாநிலமும் கோதுமையும் கன்சர்வேடிவ் அரசியலும்தான்.

கேள்வி: அலபாமா, மிசிசிப்பி?

பதில்: 1817 வரை ஒரே பிரதேசம். தேவாலயம், சாப்பாடு, பேச்சு எல்லாம் நெருக்கம். மிசிசிப்பியில் கறுப்பினத்தவர் நூற்றுக்குச் சுமார் 37, அலபாமாவில் சுமார் 26. அப்புறம், அலபாமாவுக்கு ஹன்ட்ஸ்வில் ராக்கெட் ஊர் இருக்கிறது.

கேள்வி: யூட்டாவுக்கு ஜோடி உண்டா?

பதில்: ஐடஹோவின் தென்கிழக்கு மூலை மட்டும். 1860-இல் அங்கே ஃபிராங்க்ளின் என்ற ஊரில் குடியேறிய மார்மன்கள் (யூட்டாவில் அதிகம் வாழும் கிறிஸ்தவப் பிரிவினர்) தாங்கள் யூட்டாவில் இருப்பதாகவே நினைத்தார்கள். 1872-இல் நிலத்தை அளந்தபோதுதான் அது ஐடஹோ என்று தெரிந்தது.