சங்கத்துக் காசுக்குச் சொந்தக் கணக்கைக் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர். 2007இல் நாங்கள் இடம்பெயர்ந்து வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருந்தபோது, சுவிஸில் இருக்கும் எங்கள் ஊரவர்கள் சேர்த்து அனுப்பிய காசில்தான் பிள்ளைகளுக்குப் பால்மா வாங்கினோம். அந்த நிதியில் மிஞ்சியதைக் கணவனை இழந்த பெண்களின் கோழி வளர்ப்புக்கு அனுப்பப் போகிறார்களாம். “சங்கக் கணக்கென்றால் கேள்வி வரும், உங்கள் கணக்கு இலக்கத்தைத் தாருங்கள்” என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

கேள்வி வரும் என்பது உண்மைதான். பதில் சொல்ல ஒரு கூட்டறிக்கைப் புத்தகமும் தலைவியும் செயலாளரும் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே சங்கக் கணக்கு வேண்டும் என்கிறேன். சொந்தக் கணக்கில் வந்தால் நீங்கள் தனியாகத்தான் விசாரணைக் கதிரையில் உட்கார வேண்டியிருக்கும்.

அவர்களுடைய பயத்துக்கும் காரணம் இருக்கிறது. நிவாரண வேலை செய்த, புலிகளோடு தொடர்புடையதென்று குற்றம் சாட்டப்பட்ட தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் கணக்குகளை 2006இல் மத்திய வங்கி முடக்கியது. 2007 நவம்பரில் அமெரிக்காவும் இலங்கையும் அதைத் தடை செய்தன. சுனாமிக்கும் இடம்பெயர்ந்தவர்களுக்கும் காசு கொடுத்த சாதாரண சனம் அன்று பயந்தது இன்னும் தெளியவில்லை. பிறகு 2014இல் புலம்பெயர் அமைப்புகள் பலவற்றைத் தடைப் பட்டியலாக வர்த்தமானியில் போட்டார்கள், 2015இல் சிலவற்றை எடுத்தார்கள், 2021இல் மறுபடி போட்டார்கள், 2022இல் மறுபடி எடுத்தார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் பெயர் ஏறி இறங்கினால், கோழிக்கூடு கட்டப் போகிற பெண் எந்த வர்த்தமானியைப் பார்ப்பாள்? ஆனாலும் பார்க்கத்தான் வேண்டும். அனுப்பும் சங்கத்தின் பதிவுப் பெயரை எழுத்துப் பிசகாமல் வாங்கி, இன்று நடைமுறையில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பத்து லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் வரும் பரிமாற்றங்களை வங்கி மத்திய வங்கியின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிவிக்கும். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. அது முறைப்பாடு அல்ல, வழமை. “ஒன்பது ஒன்பதாக அனுப்புகிறோம்” என்று யாராவது புத்திசாலித்தனம் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வங்கிக்காரன் முதலில் சந்தேகப்படுவதே அதைத்தான். கவுண்டருக்கு உள்ளே முப்பது வருடம் இருந்தவன் சொல்கிறேன்.

அடுத்து உண்டியல், அதாவது வங்கியை விட்டு ஆள் மூலம் காசு மாற்றும் வழி. மண்முனைத்துறையில் பாலம் வருவதற்கு முந்திய போர்க்காலத்தில், காசைக் கட்டிக்கொண்டு துறையைக் கடந்து வந்த மனிதர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது. உண்டியலில் சூரிச்சில் ஒருவர் பிராங்கை வாங்கிக்கொள்வார், மட்டக்களப்பில் இன்னொருவர் ரூபாயைத் தருவார். அங்கே கொடுத்த காசு கடல் தாண்டுவதே இல்லை. இங்கே உங்கள் கைக்கு வருவது யாருடைய காசு என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு தாய் என்னிடம் வங்கிப் புத்தகத்தை நீட்டினார். ஒரே நாளில் நான்கு வைப்புகள், நான்கு ஊர்கள், ஒரு பெயரும் அவருக்குத் தெரியாது. அதில் ஒன்று எவரையோ ஏமாற்றிப் பறித்த பணம். கணக்கு முடங்கியது, மகளின் படிப்புக் காசும் அதற்குள்ளேயே கிடந்தது. உண்டியல்காரரின் தொலைபேசி அன்றைக்கே நின்றுவிட்டது.

அப்படியானால் வெளிநாட்டுப் பிள்ளைகள் பெற்றோருக்கு அனுப்புவதும் பிழையா என்று பதறாதீர்கள். பிழையே இல்லை. மகன் உழைத்ததை வங்கி வழியாகத் தாயின் கணக்குக்கு அனுப்பினால் அது தாயின் பணம். “இதில் ஐம்பதாயிரத்தைக் கோயிலுக்குக் கொடுங்கள் அம்மா” என்று அவன் சொன்னாலும் தாயின் பணம்தான். அவர் கொடுப்பது அவருடைய தர்மம். ஆனால் அதே மகன் பத்துப் பேரிடம் ரசீது எழுதிச் சேர்த்ததைத் தாயின் கணக்குக்கு அனுப்பினால், அது பத்துப் பேரின் பணம். அனுப்பியவனும் வங்கியும் கணக்கும் ஒன்றுதான். ஆனாலும் பணம் வேறு. உங்களுடையது இந்த இரண்டாவது வகை.

இதற்கென்று புது நிறுவனம் பதியக் கிளம்பாதீர்கள். “கொழும்பில் ஆள் இருக்கிறது, பதிந்து தருகிறேன்” என்று கச்சேரி (மாவட்டச் செயலக) வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சதம் கொடுக்காதீர்கள். அரசசார்பற்ற நிறுவனங்களைப் பதியும் செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்த காலமும் உண்டு. விதவைக்குத் தையல் இயந்திரம் கொடுக்கப் பாதுகாப்பு அமைச்சின் படியேற வைத்த நாடு இது. உங்கள் சங்கம் ஏற்கெனவே பதிந்த சங்கம். கூட்டம் கூடி, தீர்மானம் எழுதி, கிராம அலுவலர் உறுதிப்படுத்திய பயனாளிகள் பெயர்ப் பட்டியலோடு பிரதேச செயலாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். இழுத்தடிப்பார்கள். “நாளைக்கு வாருங்கள்” என்றால் நாளைக்கும் போங்கள், ஆனால் கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

சுவிஸிலிருந்து நன்கொடைக் கடிதம் ஒன்று வேண்டும்: தொகை, நோக்கம், சங்கத்தின் பதிவு விபரம், இருவர் கையொப்பம். வங்கிப் படிவத்தில் நோக்கம் என்ற இடத்தில் “குடும்பச் செலவு” என்று எழுத வேண்டாம் எனச் சொல்லுங்கள். பழக்கதோஷத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். அந்தக் கடிதமும் பிரதேச செயலாளரின் பதிலும் கைக்கு வந்த பிறகு சங்கக் கணக்கு இலக்கத்தை அனுப்புங்கள்.