கனக புஷ்பராகமா, டோபாஸா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி: “அம்மாவின் மோதிரத்தில் மஞ்சள் கல் ஒன்று இருக்கிறது. வீட்டில் கனக புஷ்பராகம் என்றுதான் சொல்வோம். சிக்பேட்டையில் ஒரு கடைக்காரர் யெல்லோ சஃபையர் என்கிறார், கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் இன்னொருவர் டோபாஸ் என்கிறார். கண்ணாடியில் கீறிப் பார்த்தால் தெரிந்துவிடுமா? தினமும் போட்டுக்கொள்ளலாமா?”

தயவுசெய்து கீறாதீர்கள். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் கண்ணாடியின் கடினம் ஐந்தரைதான். யெல்லோ சஃபையர் 9, டோபாஸ் 8, டோபாஸ் என்று சொல்லி விற்கப்படும் சிட்ரின் என்ற மஞ்சள் குவார்ட்ஸ்கூட 7. மூன்றுமே கண்ணாடியைக் கீறும். ஜன்னல் பாழாவதுதான் மிச்சம்.

பாதிக் குழப்பம் பெயரால் வந்தது. அகராதியைப் புரட்டினால் புஷ்பராகம் என்பது டோபாஸ். நவரத்தினம் விற்கும் கடையில் கனக புஷ்பராகம் என்றால் யெல்லோ சஃபையர். இது மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் உடன்பிறப்பு, குருந்தம் இனம். ஆங்கிலத்தின் ‘கோரண்டம்’ நம்முடைய இந்தக் குருந்தத்திலிருந்து போனதுதான். டோபாஸ் இவர்களுக்கு உறவே இல்லை. ஃப்ளோரின் கலந்த அலுமினிய சிலிகேட் அது.

நிறத்தை வைத்துக் கண்ணால் சொல்ல எனக்கும் தைரியம் கிடையாது. கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தால் இரண்டு நிமிட வேலை. கல்லின் தட்டையான மேல்பட்டை கருவியில் படிந்தால் போதும், மோதிரத்திலிருந்து கழற்றக்கூட வேண்டாம். ஒளிவிலகல் எண் 1.76, 1.77 என்று வந்தால் சஃபையர். 1.61 முதல் 1.64 வரைக்குள் நின்றால் டோபாஸ். 1.54, 1.55 என்றால் சிட்ரின். நடுவில் நல்ல இடைவெளி இருப்பதால் இதில் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

எடை போட்டும் பார்க்கலாம், ஆனால் கல் தனியாக இருக்க வேண்டும். சஃபையரின் அடர்த்தி 4.0, டோபாஸ் சுமார் 3.5. ஐந்து காரட் கல் காற்றில் ஒரு கிராம் இருக்கும். அதையே தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தால் சஃபையர் 750 மில்லிகிராம் காட்டும், டோபாஸ் 715ஐ ஒட்டி நிற்கும். இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்குச் சாதாரணத் தராசு உதவாது.

சரி, 1.76 வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். தீச்சுடரில் பொடியை உருக்கிக் குருந்தம் செய்யும் முறையை வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902இலேயே வெளியிட்டுவிட்டார். அப்படிச் செய்த கல்லுக்கும் அதே எண், அதே கடினம், அதே அடர்த்தி. பழைய மோதிரம் என்பதால் மட்டும் கல் இயற்கையானது என்று ஆகிவிடாது. உள்ளே வளைந்த வளர்ச்சிக் கோடுகளோ காற்றுக் குமிழிகளோ இருக்கின்றனவா என்று மைக்ராஸ்கோப்பில்தான் தேட வேண்டும். மஞ்சள் கல்லில் அந்தக் கோடுகள் சுலபத்தில் கண்ணில் படாது. ஆகவே ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். இயற்கையா, செயற்கையா, நிறத்துக்காகச் சூடு செய்ததா, அதற்காகவே பெரிலியம் என்ற தனிமத்தை உள்ளே ஏற்றியதா என்று நாலையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

தினசரி உபயோகத்துக்கு சஃபையர் கவலையில்லை. டோபாஸ் கடினமான கல்தான், ஆனால் அதற்குள் ஒரு திசையில் பிளவுத்தளம், அதாவது எளிதில் பிளக்கும் தளம், ஓடுகிறது. கீறல் விழாத கல், சமையல் மேடையில் பட்ட ஒரே இடியில் இரண்டாகப் பிளந்துவிடக்கூடும். அல்ட்ராசோனிக் இயந்திரத்தில் கழுவக் கடையில் கொடுக்காதீர்கள், வீட்டில் இளஞ்சூடான சோப்புத் தண்ணீரே போதும். கமர்ஷியல் ஸ்ட்ரீட்காரர் சொன்னதுதான் உண்மை என்று தெரிந்தால், கல்லைப் பெண்டன்ட்டாக மாற்றிவிடுங்கள். கழுத்தில் கிடந்தால் அவ்வளவாக இடிபடாது.