“சிஸ்டம் ஸ்லோ, என்ன செய்ய?” – கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ராகம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கை கழுவியதிலிருந்து, பத்து வருடமாக மூலையில் சும்மா ஓடிக்கொண்டிருந்த டெஸ்க்டாப்பை எல்லோரும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். சரி, பார்ப்போம். அதற்கு முன் ஒன்று. “சிஸ்டம் ஸ்லோ, என்ன செய்ய?” என்று ஒற்றை வரி எழுதியவர்கள் ஏழெட்டுப் பேர். என்ன பிராசசர், என்ன போர்டு, எத்தனை ஜிபி ரேம், ஒன்றும் கிடையாது. டாக்டரிடம் போய் “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் அவர் எதை எழுதித் தருவார்? சிபியூவின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, போர்டில் அச்சடித்த எண்ணைப் பார்த்து எழுதுங்கள். அதுவரை அந்தக் கடிதங்கள் என் மேஜை டிராயரில் தூங்கும்.

பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: 2013-ல் வாங்கிய அசெம்பிள்டு கம்ப்யூட்டர். ஐ3-3220 பிராசசர், எச்61 போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ஆன் செய்துவிட்டுக் காபி குடித்து வந்தாலும் முழுதாகத் திறந்திருக்காது. கடையில் “எல்லாத்தையும் மாத்திருங்க சார், நாற்பதாயிரம் ஆகும்” என்கிறார்கள். என்னால் 10,000 வரை செலவழிக்க முடியும்.

பதில்: கேள்வி கேட்டால் இப்படிக் கேட்க வேண்டும், வாத்தியார் வாத்தியார்தான். உங்கள் மெஷினில் நோயாளி ஹார்டு டிஸ்க். ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் அதன் முள் நகர்ந்து இடம் தேடச் சுமார் 10 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். முள்ளும் தட்டும் இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டியில் அதில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. விண்டோஸ் திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தேடுகிறது. உங்கள் காபி ஆறுவது அங்கேதான்.

250 ஜிபி அளவில், கேபிளில் இணைக்கும் ஒரு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். போர்டிலேயே செருகும் எம்.2 வேண்டாம், உங்கள் போர்டில் அதற்கு இடமே இல்லை. எச்61-ல் பழைய, மெதுவான சாட்டா என்பதால் நொடிக்கு 550 எம்பி வேகம் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதில் பாதிதான் வரும். கவலை வேண்டாம், அந்தப் பாதியே உங்களுக்கு வேறு கம்ப்யூட்டர் மாதிரி தெரியும். அடுத்து ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். 2025 கடைசியிலிருந்து புது ரேம் விலை கன்னாபின்னாவென்று ஏறிக் கிடக்கிறது, ஆனால் உங்களுக்கு வேண்டிய டிடிஆர்3 செகண்ட் ஹேண்டில் மலிவாகவே கிடைக்கும். காசு மிஞ்சினால் பழைய ஐ5-3470 ஒன்று தேடிப் போடலாம், அதே சாக்கெட்டில் உட்காரும். அதையும் விட நல்ல எஸ்எம்பிஎஸ் (சிபியூவுக்குள் மின்சாரம் சப்ளை செய்யும் பெட்டி) ஒன்று வாங்கினால் நான் சந்தோஷப்படுவேன். ஏன் என்று சுரண்டைக்காரருக்கு எழுதிய பதிலில் படியுங்கள்.

திருகாணியைத் தொடுவதற்கு முன் பேக்கப். பழைய டிஸ்க்கில் இருக்கும் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகு வேலையை ஆரம்பியுங்கள்.

சங்கரன்கோவில் வாசகர்: 8 ஜிபி ரேம் போட்டும் 3 ஜிபி சொச்சம்தான் பயன்படுவதாகக் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: இல்லை. நீங்கள் 32 பிட் விண்டோஸ் வைத்திருக்கிறீர்கள், அதன் கண்ணுக்கு அவ்வளவு ரேம்தான் தெரியும். 64 பிட் போடுங்கள். பேக்கப் எடுத்துவிட்டு.

அம்பாசமுத்திரம் வாசகர்: டிடிஆர்4 ரேம் ஒன்று கைவசம் இருக்கிறது. என் டிடிஆர்3 போர்டில் போடலாமா? கொஞ்சம் அழுத்தினால் உட்காரும் போலிருக்கிறது.

பதில்: அழுத்தாதீர்கள்! டிடிஆர்3-க்கு 240 பின், டிடிஆர்4-க்கு 288. நடுவில் இருக்கும் வெட்டே இடம் மாறித்தான் இருக்கும். உட்காராத இடத்தில் உட்கார வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வெட்டையே வைத்தார்கள்.

சுரண்டை வாசகர்: புதுக் கேபினட்டோடு 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்ந்து வந்தது, மொத்தமே 1,800 ரூபாய்தான். இதில் கிராபிக்ஸ் கார்டு போட்டால் தாங்குமா? சிபியூவின் இரும்பைத் தொட்டால் லேசாகச் ‘சுர்’ரென்கிறது. அது எல்லாக் கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் என்கிறார்கள், உண்மையா?

பதில்: தாங்காது. உண்மையும் இல்லை. இந்த இரண்டையும் இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது. இன்னொரு முறை சொல்கிறேன்.

அந்த எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே எடுத்து, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். 450 என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு, 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 15 என்று இருந்தால் 12-ஐ 15-ஆல் பெருக்குங்கள்: 180 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான். மிச்சமெல்லாம் 3.3, 5 வோல்ட் கணக்கில் எழுதிக் கூட்டிய வாட். அந்த 180-ஐயாவது முழுதாகத் தருமா என்றால் அதற்கும் நான் ஜாமீன் நிற்க மாட்டேன். கையில் தூக்கிப் பாருங்கள், தீப்பெட்டிக் கட்டு மாதிரி எடையில்லாமல் இருக்கும். உள்ளே இருக்க வேண்டிய காயிலும் ஃபில்டரும் இருந்தால்தானே கனக்கும்.

என் கதையையும் கேளுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில், டவுனில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த ஓர் அண்ணாச்சிக்கு மெஷின் கட்டிக் கொடுத்தேன். “செலவைக் குறைச்சுக்கோ தம்பி” என்றார். நானும் பிராசசரில் கை வைக்காமல் எஸ்எம்பிஎஸ்ஸில் குறைத்தேன். எட்டாவது மாதம், ஒரு மத்தியானம் மின்சாரம் போய் வந்தபோது ‘டப்’பென்று ஒரு சத்தம். போர்டு போனது, இரண்டு ஹார்டு டிஸ்க்கும் போனது. நல்ல சப்ளை சாகும்போது தான் மட்டும் சாகும், மட்டமானது உடன்கட்டை ஏற ஆள் கூட்டிக்கொண்டு போகும். ஒரு டிஸ்க்கில் இருந்தது முந்தின முகூர்த்தத்தில் எடுத்த கல்யாணப் படங்கள். பெண் வீட்டார் ஸ்டுடியோ வாசலில் நிற்க, அண்ணாச்சி என் கடை வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை, சும்மா நின்றார். பேக்கப் எடுக்கச் சொல்லாததும் என் தப்பு, மட்ட சப்ளை போட்டதும் என் தப்பு. அன்றைக்கு மிச்சம் பிடித்தது ஆயிரம் ரூபாய் இருக்கும்.

ஆகவே பெயர் தெரிந்த கம்பெனியின், 80 பிளஸ் என்ற மின் சிக்கனச் சான்று உள்ள, 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைப் பில்லோடு வாங்குங்கள். வாரன்டி எத்தனை வருடம் என்று கேளுங்கள். நல்ல கம்பெனிகள் மூன்றிலிருந்து ஐந்து வருடம் தருகின்றன. கேபினட்டோடு இனாமாக வந்ததை அப்படியே எடைக்குப் போடுங்கள்.

இனி அந்தச் ‘சுர்’. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் தேவையில்லாத இரைச்சல் மின்சாரத்தை எர்த் கம்பிக்குத் தள்ளிவிடும். எர்த் இல்லை என்றால் அது போக இடமில்லாமல் கேபினட் இரும்பிலேயே நிற்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 110 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால்தான் நீங்கள் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறீர்கள். ஆனால் உள்ளே வேறு ஏதாவது பழுதாகி நேரடியாக மின்சாரம் இறங்கினால் தடுக்க எர்த்தை விட்டால் ஆளில்லை. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. இல்லையென்றால் குழி இருக்கும், கடைசியாக அதில் தண்ணீர் ஊற்றியது தாத்தா காலத்தில். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைச் சரிசெய்யுங்கள், கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் விடுங்கள். எர்த்தை நியூட்ரலோடு முடிச்சுப் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மேலப்பாளையம் கல்லூரி மாணவர்: ஆன்லைனில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி கார்டு, புதுசு, 3,000 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா அண்ணா?

பதில்: படத்தில் கார்டின் பின்பக்கம் பழைய நீல விஜிஏ போர்ட் இருக்கிறதா, பார் தம்பி. அந்தத் தலைமுறைச் சிப்பில் விஜிஏ கிடையாது. பழைய 550 டிஐ மாதிரிச் சிப்பை எடுத்து, பயாஸில் (கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) பெயரை மாற்றி 1050 என்று விற்கும் வேலை ரொம்ப நாளாக நடக்கிறது. ஏற்கெனவே வாங்கித் தொலைத்திருந்தால் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பார், போலி என்றால் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். வாங்கியே தீருவேன் என்றால் சுரண்டைக்காரர் பதிலைப் படித்துவிட்டு வாங்கு.

தென்காசி வாசகி: நான்காம் தலைமுறை ஐ5. “இதில் விண்டோஸ் 11 ஏறாது” என்று ஒருவரும், “குறுக்குவழியில் ஏற்றித் தருகிறேன்” என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். அம்மா யூடியூபும் கோவில் நேரலையும் பார்ப்பதற்குத்தான் கம்ப்யூட்டர்.

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரி. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும் வேண்டும் என்பது விதி. விதியை ஏமாற்றி ஏற்றலாம், ஓடவும் ஓடும். ஆனால் அடுத்தடுத்த பெரிய பதிப்புகள் தானாக வராது, ஒவ்வொரு முறையும் அதே ஆளைத் தேடிப் போக வேண்டும். விண்டோஸ் 10-லேயே இருந்து நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டு, பிரவுசர் படத்தைப் பெரிதாக டெஸ்க்டாப்பில் வைத்துக் கொடுத்துவிடுவேன். அம்மாவுக்கு வித்தியாசமே தெரியாது. எது செய்தாலும் முதலில் பேக்கப்.

திசையன்விளை வாசகர்: பழையதில் காசு கொட்டாமல், கம்பெனிகள் கழித்துவிட்ட ரீஃபர்பிஷ்டு மெஷின் வாங்கலாமா? “ஐ7 சார், 9,000 ரூபாய்” என்கிறார்கள்.

பதில்: வாங்கலாம், பலருக்கு நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ‘ஐ7’ என்பது சாதிப் பெயர் மாதிரி, அதை வைத்து ஆளை எடை போடாதீர்கள். பின்னால் வரும் எண்தான் ஆள். ஐ7-2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011-ஆம் வருடத்துச் சரக்கு. 2022-ல் வந்த ஐ3-12100 அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஐ5-8500 போல 8-ல் தொடங்கும் எண்ணுள்ளதைக் கேளுங்கள், விண்டோஸ் 11 நேர்வழியிலேயே ஏறும். ஒரு சங்கடம் உண்டு: இந்தப் பிராண்டட் மெஷின்களில் எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் பெரும்பாலும் தனி அளவு, தனி பின். கெட்டால் சாதாரணக் கடையில் கிடைப்பது பொருந்தாது. உவரி, இடிந்தகரைப் பக்கம் போல உங்களுக்கும் கடல் காற்று உண்டு, ரேம் முனையில் பச்சை பூத்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துப் போடுங்கள்.

பேட்டையில் டிடிபி கடை வைத்திருப்பவர்: பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில். மெஷின் சாகக் கிடக்கிறது. புது மெஷினில் பேஜ்மேக்கர் சரியாக ஓடுமா?

பதில்: பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7, வந்தது 2001-ல். இப்போதைய பொது எழுத்துமுறையான யூனிகோடு என்றால் அதற்கு என்னவென்றே தெரியாது. புது விண்டோஸில் ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம், ஓடாவிட்டால் கேட்க நாதியில்லை. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸைப் புது மெஷினில் போட்டு, அதில் பழைய விண்டோஸை ஏற்றி, நெட் இணைப்பே கொடுக்காமல் பேஜ்மேக்கரை வையுங்கள். பழைய வாடிக்கையாளரின் கோப்புகளைத் திறக்க அது போதும். புது வேலைகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். கல்யாணச் சீசன் நடுவில் மாற்ற ஆரம்பிக்காதீர்கள், மார்கழியில் ஆரம்பியுங்கள், முகூர்த்தம் இருக்காது. பதினைந்து வருட மேட்டர் முழுக்க அந்த ஒற்றை டிஸ்க்கில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் வெளி டிஸ்க் வாங்க ஆள் அனுப்புங்கள்.

பணகுடி வாசகர்: ஆனி, ஆடியில் மட்டும் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடுகிறது. செய்வினையா?

பதில்: காற்று. காற்றாலை சுற்றும் ஊரில் ஜன்னலோரம் சிபியூ வைத்தால் ஹீட்சிங்க் இடுக்கில் செம்மண் மெத்தையே விரிந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பிளோயரால் ஊதுங்கள். தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக வையுங்கள். எஸ்எம்பிஎஸ் இடுக்கில் பல்லி இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், வருடத்துக்கு நான்கைந்து எடுக்கிறேன்.

மீனாட்சிபுரம் வாசகர்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய சிபியூ பரணில் இருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?

பதில்: பார்க்காதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிப் போடுங்கள். பிராசசரும் ரேமும் கழுவி உலர்த்தினால் பிழைக்க வாய்ப்புண்டு. ஹார்டு டிஸ்க்கில் வேண்டியது எதுவும் இருந்தால் ஒரு தடவைகூட மின்சாரம் கொடுக்காமல் டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொடுங்கள். அதன் மூடியில் மூச்சுத் துளை இருக்கும், அது வழியாகச் சேறு உள்ளே போயிருந்தால் சுற்ற விட்ட முதல் நொடியிலேயே தட்டைச் சுரண்டிவிடும்.

களக்காடு வாசகர்: தினமும் தேதி 2009 என்று காட்டுகிறது, பேங்க் தளம் திறக்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள். கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

வண்ணார்பேட்டை வாசகர்: புதுசு வாங்கிவிட்டேன். பழைய சிபியூவை இரும்புக்காரர் 300 ரூபாய்க்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள், பேரீச்சம்பழம் கொடுத்த காலத்துக்கு இது தேவலை. ஆனால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். ஆதார், பான், பேங்க் பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் அதில்தானே இருக்கிறது? ஃபார்மட் அடித்தேன் என்று சொல்லாதீர்கள், விரைவு ஃபார்மட் என்பது வீட்டுக் கதவிலிருந்த பெயர்ப் பலகையை மட்டும் கழற்றுவது. டிரில் வைத்து மூன்று ஓட்டை போட்டபின் வேண்டுமானால் அதையும் தராசில் வையுங்கள்.