கடல் கலந்த பெயர்கள்: கேள்வி பதில்

கே: எங்கள் வீட்டுப் பரணில் பழைய மர்ஃபி ரேடியோ கிடக்கிறது. மர்ஃபி என்றால் என்ன சார்?

ப: கடற்போர் வீரன். ஐரிஷ் மொழியில் 'முயிர்' என்றால் கடல், 'காத்' என்றால் போர். இரண்டும் சேர்ந்து முர்ஹத் என்று ஓர் ஆண்பெயர். அந்தப் பெயருள்ள ஒருவரின் வழிவந்தவர்கள் 'ஓ முர்ஹா'. ஆங்கிலத்தில் எழுதி எழுதி அது மர்ஃபி ஆகிவிட்டது. இன்று அயர்லாந்தில் மிக அதிகம் பேருக்கு உள்ள குடும்பப்பெயர் இதுதான். 1014இல் டப்ளின் பக்கத்தில், கடலோரமாக, குளோன்டார்ஃப் போர் நடந்தது. அதில் அரசர் பிரையன் போருவும் இறந்தார், அவர் மகனும் இறந்தார். அந்த மகனின் பெயர் முர்ஹத். உங்கள் ரேடியோவின் கதை வேறு: 1929இல் இங்கிலாந்தில் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஃபிராங்க் மர்ஃபி. அவர் குடும்பப்பெயரைத்தான் பெட்டியில் ஒட்டினார்கள்.

கே: மோரியார்ட்டி, மோரிசி, மெக்நமாரா... இவையும் அதே 'முயிர்' தானா?

ப: ஆமாம், மூன்றுமே. ஷெர்லாக் ஹோம்ஸின் எதிரியால் உலகப் புகழ் பெற்ற மோரியார்ட்டி, கெர்ரி பகுதிப் பெயர். கடலில் வழி தெரிந்தவன், கப்பலோட்டத் தெரிந்தவன் என்று பொருள். மோரிசியில் கடலோடு வலிமை சேர்ந்திருக்கிறது என்பார்கள். மெக்நமாராதான் எனக்குப் பிடித்தது: 'கடல் வேட்டைநாயின் மகன்'. நம் ஊரில் ஒருவரை நாய் என்றால் சண்டை வந்துவிடும். பழைய அயர்லாந்திலோ வீரனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அவர்களுடைய புராண நாயகன் கூஹூலினின் பெயரே 'கூலனின் வேட்டைநாய்' தான். மெக்நமாராக்கள் கிளேர் பகுதியைச் சேர்ந்தவர்கள். சற்று வடக்கே உள்ள கானமாராவை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கான்வக்னி என்ற குலத்தின் கடலோரக் கிளை வாழ்ந்த இடம்.

கே: அயர்லாந்தில் ஒரு கடல்கன்னியைப் புனிதராக வணங்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். கட்டுக்கதைதானே?

ப: கதைதான், ஆனால் பழைய ஆண்டுக்குறிப்புகளிலேயே ஏறிவிட்ட கதை. லீ பான் என்ற பெண். ஊற்று பொங்கி லாக் நே ஏரி உருவானபோது அவள் குடும்பமே மூழ்கிப்போனது. அவள் மட்டும் பிழைத்து, இடுப்புக்குக் கீழே சால்மன் மீனாகி, 300 ஆண்டு கடலில் திரிந்தாள். கடைசியில் வலை போட்டு அவளைக் கரைசேர்த்தார்கள். 558ஆம் ஆண்டு என்று குறித்திருக்கிறார்கள். பாங்கர் மடத்தின் தலைவர் கோம்கால் அவளிடம் கேட்டார்: இன்னும் 300 ஆண்டு வாழ்கிறாயா, இப்போதே ஞானஸ்நானம் பெற்றுச் சொர்க்கம் போகிறாயா? அவள் இரண்டாவதைச் சொன்னாள். அப்போது வைத்த பெயர் முயிர்கென், 'கடலில் பிறந்தவள்'. புனிதர் பட்டியலில் ஜனவரி 27 அவளுடைய நாள். சாமியார்கள் பழைய நீர்த்தேவதை ஒருத்தியைச் சர்ச்சுக்குள் கூட்டிவந்துவிட்டார்கள் என்பது என் கணிப்பு.

கே: ரோனன்?

ப: 'ரோன்' என்றால் கடல்நாய், அதாவது சீல். ரோனன், குட்டி சீல். கானமாராப் பக்கம் கனீலி குடும்பத்தார் சீல் வம்சம் என்றே ஊரில் கதை உண்டு.

கே: டிலன் ஐரிஷ் பெயரா?

ப: இல்லை, வேல்ஸ் நாட்டுப் பெயர். அங்குள்ள பழங்கதையில் டிலன் பெயர் சூட்டியவுடனே கடலுக்குள் போய் மீன்போல நீந்துகிறான். 'அலையின் மகன்' என்று பட்டம்.

கே: செல்சி ரசிகன் நான். செல்சி, ஸ்வான்சி எல்லாம் 'சீ' என்று முடிகிறதே, கடல்தானே?

ப: மன்னிக்கவும், இரண்டிலும் கடல் இல்லை. செல்சி பழைய ஆங்கிலத்தில் சுண்ணாம்புக்கல் இறக்கும் தேம்ஸ் படித்துறை. ஸ்வான்சி, ஸ்வெயின் என்ற வைக்கிங்கின் தீவு. லண்டனின் பேட்டர்சியும் தீவுதான், பாடரிக் (Badric) என்பவருடையது.

கே: அப்படியானால் ஆங்கிலேயரிடம் கடல் பெயரே இல்லையா?

ப: இருந்தன, ஆனால் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டன. எசெக்ஸின் முதல் கிறிஸ்தவ அரசன் சேபெர்ட், 'கடல் ஒளி'. ஏறத்தாழ 616இல் இறந்தவன். 1066இல் நார்மன்கள் வந்தபின் வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் என்று ஊரே மாறிவிட்டது. பழைய பெயர்கள் குடும்பப்பெயர்களில் போய் ஒளிந்துகொண்டன. சேபெர்ட் இன்று சீப்ரைட். கோழி வளர்ப்பவர்களுக்குத் தெரியும்: சீப்ரைட் பேன்டம் என்ற அழகுக் கோழி, சர் ஜான் சீப்ரைட் உருவாக்கியது. அரசன் பெயர் கடைசியில் கோழிக்கூண்டு வரை வந்துவிட்டது!

கே: மெரினா பீச் பெயரும் இங்கிலாந்திலிருந்து வந்ததா?

ப: வைத்தவர் பிரிட்டிஷ் ஆளுநர் கிராண்ட் டஃப், 1880களில். ஆனால் சொல் இத்தாலியம், அவர் மனதில் இருந்தது சிசிலிக் கடற்கரை. இங்கிலாந்தில் பெண்களுக்கு மெரினா என்று வைப்பது பரவியது அதற்கு வெகு பின்னால்தான். 1934இல் கிரேக்க இளவரசி மெரினா கென்ட் கோமகனை மணந்தார், அந்தக் கல்யாண மோகம்.

கே: டப்ளினில் இருக்கிறோம் அண்ணா. பெண் குழந்தை பிறக்கப்போகிறது. கடல் தொடர்பாக ஒரு பெயர் சொல்லுங்களேன்.

ப: வாழ்த்துகள் தங்கச்சி. முயிரின் வைக்கலாம், 'கடல்போல் வெண்மையானவள்'. டப்ளினில் சரியாகக் கூப்பிடுவார்கள். ஆனால் அதன் ஐரிஷ் எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஊரில் தாத்தா பாட்டி வாசிப்பது கஷ்டம். அது தொந்தரவு என்றால் மியூரியல் பாருங்கள், 'கடல் ஒளி'. இரண்டு ஊரிலும் வாயில் நுழையும். கொஞ்சம் பழைய பாணிப் பெயர், அவ்வளவுதான்.