அப்பாவின் தராசும் பத்து மெஷின் ஆசையும்

கேள்வி: எனக்கு 34 வயது. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை கவனிப்பவராக) இருக்கிறேன். ஆறு ஆண்டுகளில் இது மூன்றாவது வேலை. மேலாளர் நாலு பேர் முன்னால் ஒரு சொல் சொல்லிவிட்டால் அன்றிரவு தூக்கம் போய்விடுகிறது. வேலையை உதறிவிட்டுப் பத்து மெஷின் போட்டு, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் யூனிட் தொடங்கிவிடலாம் என்று மனம் துடிக்கிறது. என் 14 வயதில் அப்பாவின் மளிகைக் கடை கடனில் மூழ்கியது. அவருடைய தராசு இன்றும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. "உங்களுக்குத் தொழில் வேணுமா, மேனேஜர் வேண்டாமா?" என்று மனைவி கேட்கிறார். என்ன சொல்வது?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மேலாளர் இருக்கிறார், மெஷின்கள் இருக்கின்றன, தராசு இருக்கிறது. ஆனால் என்ன தைக்கப் போகிறீர்கள், யார் ஆர்டர் தருவார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. உங்கள் மனைவியின் கண்ணில் பட்டதும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நெதர்லாந்தில் பிறந்த மேலாண்மைப் பேராசிரியரும் உளப்பகுப்பாய்வாளருமான மான்ஃபிரெட் கெட்ஸ் டி வ்ரீஸ், தொழில்முனைவோரின் மனத்தைப் பற்றி 1977-இல் ஒரு கட்டுரை எழுதினார். இளமையில் இல்லாமையையும் தந்தையின் விலகலையும் அனுபவித்துத் தவித்த பிள்ளை, வளர்ந்த பின் பிறர் அதிகாரத்துக்குக் கீழே பொருந்தி இருக்க முடியாமல், தன் கட்டுப்பாட்டில் இருக்கும் ஓர் இடத்தைத் தானே கட்டிக்கொள்ள முயல்வது உண்டு என்பது அதன் சாரம். இதை எல்லாருக்கும் பொருத்திவிடக் கூடாது. ஆனால் உங்கள் கடிதத்துக்கு இது மிக அருகில் வருகிறது. கடன்காரர்கள் முன் அப்பா தலைகுனிந்து நின்றதைப் பார்த்த சிறுவனுக்கு, மேலாளர் சொல்லும் சாதாரணச் சொல்லும் அந்தப் பழைய அவமானமாகவே கேட்கக்கூடும்.

இந்த வேகம் கெட்டதென்று நான் சொல்லவில்லை. பல நல்ல தொழில்கள் இப்படிப்பட்ட காயத்திலிருந்துதான் எழுந்திருக்கின்றன. ஆனால் அதை அறியாமல் தொழிலுக்குள் போனால், அதுவும் கூடவே வரும். பவர் டேபிள் வேலை எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல: துணியை வெட்டிக் கொடுப்பது ஏற்றுமதியாளர், விலை பேசுவதும் அவரே, பில் பணம் வருவதும் அவர் தயவில். இன்று உங்கள் நாற்காலியில் இருப்பவரைப் போன்ற ஒரு மெர்ச்சண்டைசர் நாளை உங்கள் யூனிட்டுக்கு வந்து, உங்கள் டெய்லர்கள் பார்க்க, ஒரு பீஸைத் தூக்கிப் பிடித்து "இதென்ன தையல்?" என்று கேட்பார். அன்றிரவு உங்களுக்குத் தூக்கம் வருமா?

டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லி, ஒருவர் மனத்தில் 'இதை இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும்' என்ற நாட்டம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்தார். 1964-இல் ஆந்திரத்தின் காக்கிநாடாவைச் சேர்ந்த சிறு வணிகர்களுக்கு அந்த நாட்டத்தை வளர்க்கும் பயிற்சியையும் தொடங்கினார். பயிற்சி பெற்றவர்களில் பலர் பின்னர் தொழிலில் கூடுதல் முனைப்புக் காட்டினார்கள். ஆகவே தொழிலுக்கான இந்த நாட்டம் பிறவியிலேயே எழுதி வைத்த விஷயம் என்று நினைக்க வேண்டாம்.

இப்போதைக்கு ராஜினாமா எழுதாதீர்கள். ஒரு மாதம், யூனிட் நினைப்பு வரும்போதெல்லாம் தேதியைப் போட்டு, அதற்கு முன் நடந்ததைக் குறித்து வையுங்கள். திட்டு வாங்கிய நாளில் மட்டும் வருகிறதா, மேலாளர் பாராட்டிய நாளிலும் வருகிறதா என்று அந்தக் குறிப்பே காட்டும். கூடவே, கடை ஏன் மூடியது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஊருக்கெல்லாம் கொடுத்த கடனா, சரக்குக்கு வாங்கிய கடனின் வட்டியா? 14 வயதில் நீங்கள் பார்த்தது அவமானத்தை மட்டும்தான், கணக்கை உங்களுக்கு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். அடுத்த கடிதத்தில், மெஷின் எண்ணிக்கைக்கு முன்பாக முதல் ஆர்டர் யாருடையது என்று எழுதுங்கள்.