நகைய அடகு வைக்க முதல் கண்ணக் காட்டுங்க மகள்

சென்னைக்குப் போற டிக்கட்ட முதல்ல நிப்பாட்டுங்க மகள். போன மாசம் எடுத்த எம்ஆர்ஐயில மூளைக்கட்டி தப்பியிரிக்கும், சென்னையில 'புது ஸ்பீட் எஃப்எம்ஆர்ஐ' எடுத்தாத்தான் தெரியும் எண்டு யூடியூப் வீடியோவில ஒருத்தர் சொல்றார், அதுக்கு நகைய அடகு வைக்கப்போறன் எண்டு களுவாஞ்சிகுடியில இருந்து எழுதியிரிக்கிறீங்க. அம்மம்மா மூளைக்கட்டியால மோசம்போனதப் பாத்த பயம், எனக்கு விளங்குது. ஆனா யூடியூப்பில அந்த வீடியோ போட்டவருக்கு அது என்னத்துக்கு எடுக்கிற ஸ்கேன் எண்டே விளங்கல்ல.

எஃப்எம்ஆர்ஐ கட்டி தேடுற ஸ்கேன் இல்ல. மூளையில ஒரு இடம் வேலை செஞ்சா அங்க ரத்தம் கூடப் பாயும், அந்த ரத்தத்தில ஒட்சிசன் மாறுறத எம்ஆர்ஐ மெஷினால பிடிக்கலாம் எண்டு 1990ல ஜப்பான் விஞ்ஞானி சேஜி ஓகாவா காட்டினார், அதில இருந்து வந்தது. வயல்ல வரம்பு உடைஞ்சிரிக்கா எண்டு பாக்கிறது உங்கட எம்ஆர்ஐ, எந்த வக்கடையால தண்ணி பாயுது எண்டு பாக்கிறது இது. இப்ப மூளையின்ட பல ஸ்லைஸ, அதாவது பாணத் துண்டு போட்ட மாதிரிப் படங்கள, ஒரே நேரத்தில எடுத்து முழு மூளையையும் ஒரு செக்கனுக்குள்ள பிடிக்கிறாங்க, 7 டெஸ்லா எண்ட மிச்சம் பலமான காந்த மெஷின்ல ஒரு மில்லிமீற்றருக்கும் குறைஞ்ச அளவு வரைக்கும் பாக்கிறாங்க, எல்லாம் உண்மைதான், ஆனா அது ஆராய்ச்சிக்கும், மூளை ஒப்பரேசனுக்கு முதல் பேச்சு எங்க கை அசைவு எங்க எண்டு குறிக்கவும்தான். கட்டி பாக்க நீங்க எடுத்ததே சரியான ஸ்கேன். நோர்மல் எண்டு வந்திட்டு, அத விடுங்க. நீங்க எழுதின மாதிரிப் பேர் மறக்கிறது நித்திரை இல்லாததாலயும் வரும், கை விறைக்கிறதையும் டொக்டருக்கிட்ட சொல்லுங்க.

நான் பயந்தது கடிதத்தின்ட கடைசியில ஒரு வரியா எழுதினதுக்கு. குனிஞ்சு எழும்பேக்க கண் ரெண்டு செக்கன் இருண்டு போகுது, காதுக்குள்ள நாடி அடிக்கிற மாதிரிச் சத்தம், விடியக்காலையில தலையிடி கூட. இதத்தானே மகள் முதல் வரியில எழுதியிரிக்கணும்! மூளையச் சுத்தியிரிக்கிற தண்ணியின்ட அமுக்கம் கூடினா இப்பிடி வரும், கட்டி இல்லாமலே வரும், எம்ஆர்ஐ நோர்மல் எண்டும் சொல்லும். உங்கட வயசில, கொஞ்சம் உடம்பு வைச்ச பொம்பிளையளுக்குத்தான் கூட. கவனிக்காம விட்டா கண் நரம்பு வீங்கிப் பார்வை போயிரும், போனது திரும்பாது.

முகப்பருவுக்கு எண்டு பார்மசியில கேட்டு மூண்டு மாசமா டொக்ஸிசைக்ளின் போடுறீங்களே, அந்த அமுக்கத்தக் கூட்டுற மருந்தில அதுவும் ஒண்டு. ஆரு உங்களுக்கு எழுதித் தந்த? இண்டைக்கே நிப்பாட்டுங்க. விற்றமின் ஏ குளிசையும் வேணாம். தினமும் பெனடோல் போடுறதும் வேணாம், மாசத்தில 15 நாளுக்கு மேல போட்டா அதுவே தலையிடியக் கொண்டுவரும்.

நாளைக்குக் காலையில பஸ் ஏறுங்க, கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போய் கண் டொக்டருக்கிட்ட கண் இருளுறது, காதுச் சத்தம், தலையிடி மூணையும் சொல்லுங்க. கண்ணுக்குள்ள லைட் அடிச்சு நரம்பு வீங்கியிரிக்கா எண்டு பாப்பாங்க. கண்ணாடிக் கடையில செக் பண்ணிட்டு வராதீங்க, அது வேற. வீக்கம் இரிந்தா நாரியில ஊசி போட்டு அமுக்கம் அளப்பாங்க, ரத்தக்குழாய் அடைச்சிரிக்கா எண்டு பாக்க இன்னொரு ஸ்கேனும் சொல்லுவாங்க, அத மறுக்காதீங்க. நேரத்தோட பிடிச்சா மருந்தாலயும் எடை குறைக்கிறதாலயும் அநேகமாப் பார்வையக் காப்பாத்தலாம்.

இரவைக்கு பார்வை மங்கினா, ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சா, விடியும் வரைக்கும் பாத்திரிக்காம நேரா ஆஸ்பத்திரியில ஈடியுவுக்கு, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்க. போடுற குளிசை எல்லாத்தையும் பையில போட்டுக் கொண்டுபோங்க, பேர் ஞாபகம் இல்லாட்டியும் குளிசைக் கார்டக் காட்டலாம்.