அந்த கிராஃப் எந்தத் தரப்புக்குச் சாட்சி?

கேள்வி: கோவையில் ஆறு பேரை வைத்து ஐ.டி. நிறுவனம் நடத்துகிறேன். திருப்பூர் பின்னலாடை நிறுவனம் ஒன்றின் ஈஆர்பி (ஆர்டர், கணக்கு எல்லாவற்றையும் நடத்தும் சாப்ட்வேர்) சர்வரை நான்கு ஆண்டுகள் பராமரித்தோம். சர்வர் அவர்களுடைய ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) கணக்கில் இருக்கிறது. டேட்டாபேஸ் இருப்பது 200 ஜிபி அளவுள்ள ‘ஜிபி2’ வகை இபிஎஸ் வால்யூமில், அதாவது கிளவுட் டிஸ்க்கில். ஜூன் மாதத்திலிருந்து தினமும் காலை பத்து மணிக்குள் சாப்ட்வேர் தேங்கிப்போகிறது என்று சொல்லி, ₹9.20 லட்சம் பில்லை நிறுத்திவிட்டார்கள். செப்டம்பரில் ஒப்பந்தத்தை ரத்து செய்து, ₹14 லட்சம் நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸும் அனுப்பிவிட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் போனை எடுத்து வேலை பார்த்துக் கொடுத்தோம். இன்று ஊழியர்கள் முன்னாலேயே ‘ஏமாற்றுக்காரன்’ என்கிறார் முதலாளி. சிபியு 40 சதவீதத்தைத் தாண்டியதே இல்லை. கோளாறு ஈஆர்பி சாப்ட்வேரில்தான். எங்கள் லாகின் இன்னும் வேலை செய்கிறது. உள்ளே போய் கிராஃப்களை எடுத்து வழக்குப் போடலாமா? மோசடிப் புகாரும் கொடுக்கலாமா?

பதில்: அந்த லாகினைத் தொடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

ராத்திரி போன், ஊழியர்கள் முன்னால் பேசிய பேச்சு, நான்கு ஆண்டுப் பழக்கம் எதுவும் வழக்கில் ஏறாது. மோசடிப் புகாரும் நிற்காது. பில் பாக்கி சிவில் விவகாரம் என்று காவல் நிலையத்திலேயே திருப்பி அனுப்புவார்கள். நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் இரண்டு பிரிவுகள்தான் முக்கியம். பிரிவு 6, ஸ்டோரேஜ் உட்பட சர்வரின் செயல்திறனை நீங்கள் தொடர்ந்து கண்காணித்து, குறை தெரிந்த 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பிரிவு 11, அப்படிச் செய்யாமல் வேலை தடைபட்டால் நாளுக்கு ₹20,000 என்கிறது. ஆக, வால்யூம் மெதுவானதை நீங்கள் கவனித்தீர்களா, கவனித்து எழுத்தில் சொன்னீர்களா? வழக்கு இந்த ஒரு கேள்வியில் நிற்கிறது. உங்கள் கடிதத்தில் ஒரு இமெயிலைப் பற்றிக்கூடப் பேச்சில்லை.

நீங்கள் ஆயுதமாக நினைக்கும் கிராஃப் என்ன காட்டும் என்று பாருங்கள். ஜிபி2 வால்யூமுக்கு ஒரு ஜிபிக்கு 3 ஐஓபிஎஸ் (நொடிக்கு எத்தனை முறை படிக்க, எழுத முடியும் என்ற கணக்கு) என்பது அடிப்படை வேகம். 200 ஜிபிக்கு 600. அதற்கு மேல் 3,000 வரை பாய்வது வேலை குறைவான நேரத்தில் சேர்ந்து சேமிப்பில் இருக்கும் கிரெடிட்டால்தான். முழுச் சேமிப்பு 54 லட்சம். 3,000 வேகத்தில் ஓடினால் நொடிக்கு 2,400 வீதம் கரைந்து, 2,250 நொடியில், அதாவது 38 நிமிடத்துக்குள், காலியாகிவிடும். காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் லாகின் செய்தால் 9.40-க்கு வேகம் ஐந்தில் ஒரு பங்காக விழும். ‘பத்து மணிக்குள் தேங்குகிறது’ என்ற அவர்கள் புகார் இதோடு அப்படியே பொருந்துகிறது. மீதிக் கிரெடிட்டைக் காட்டும் பர்ஸ்ட் பேலன்ஸ் என்ற மெட்ரிக் (அளவீடு) பூஜ்ஜியத்தைத் தொட்டிருக்கும், டிஸ்க்கில் வரிசையில் நிற்கும் வேலைகளைக் காட்டும் க்யூ லெங்த் ஏறியிருக்கும். நீங்கள் பெருமையாகச் சொல்லும் சிபியு 40 சதவீதம் உதவாது. டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் சிபியு சும்மாதான் இருக்கும். எதிர்தரப்பின் நிபுணர் அதையே தன் அறிக்கையின் முதல் பத்தியில் எழுதுவார்.

குறுக்கு விசாரணையில் வரப்போகும் கேள்விகளும் தெரிந்தவைதான். பர்ஸ்ட் பேலன்ஸ் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் மெயில் வரும்படி ஒரு அலாரமாவது வைத்தீர்களா? ஜிபி3 வகை 2020 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அளவு எதுவானாலும் 3,000 ஐஓபிஎஸ் அதில் அடிப்படையாகவே கிடைக்கும், ஒரு ஜிபிக்கான விலையும் ஜிபி2-ஐவிடக் குறைவு, சர்வரை நிறுத்தாமலே மாற்றலாம். ஏன் மாற்றவில்லை? மாற்றச் சொல்லி எழுதவாவது செய்தீர்களா? கட்சிக்காரர்கள் சறுக்கும் இடம் இதுதான். கண்காணிப்பு தங்கள் வேலையாக இருந்ததை மறந்து, கண்காணிப்புப் பதிவையே தாக்கல் செய்து, எதிர்தரப்பின் கேஸைத் தாங்களே நிரூபித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

உங்களுக்கு உண்மையாக உதவக்கூடியது ஒன்று உண்டு. வால்யூம் ரீட் ஆப்ஸ், ரைட் ஆப்ஸ் (டிஸ்க்கில் படித்த, எழுதிய எண்ணிக்கை) இரண்டின் மொத்தத்தை மே மாதத்தோடு ஜூனை வைத்து ஒப்பிட வேண்டும். அதே ஆட்கள், அதே ஆர்டர்கள் இருக்கும்போது ஜூனில் ரீட் மட்டும் பல மடங்கு ஏறியிருந்து, அந்தத் தேதியில் ஈஆர்பி அப்டேட் ஒன்றும் நடந்திருந்தால், மூலகாரணம் சாப்ட்வேர் என்று வாதாட இடம் இருக்கிறது. அதுவும் நஷ்டஈட்டைக் குறைக்கத்தான் உதவும். பிரிவு 6-ஐ அது அழிக்காது.

இப்போது பதிவுகளின் ஆயுள். ஏடபிள்யூஎஸ்ஸின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச் ஒரு நிமிடப் புள்ளிகளை 15 நாள், ஐந்து நிமிடப் புள்ளிகளை 63 நாள், ஒரு மணி நேரப் புள்ளிகளை 455 நாள் வைத்திருக்கும். ஜூன் மாதத்துக்கு இன்று இருப்பது மணிக்கணக்குப் புள்ளி மட்டுமே. மொத்தம் சரியாகக் கிடைக்கும், குறைந்தபட்ச மதிப்பும் கிடைக்கும். ஆனால் அந்த மணி நேரத்துக்குள் எத்தனை நிமிடம் தேங்கியது என்பது போய்விட்டது. சராசரியை எடுத்தால் 15 நிமிடத் தேக்கம் தெரியாமலே கரைந்திருக்கும்; ஆகவே பர்ஸ்ட் பேலன்ஸுக்கு ‘மினிமம்’ எடுக்க வேண்டும். வால்யூமை அவர்கள் அழித்துவிட்டால் இரண்டு வாரத்தில் கன்சோல் பட்டியலிலிருந்து மெட்ரிக் மறையும். வால்யூம் ஐடி கையில் இருந்தால் கமாண்ட் லைன் வழியாக அதற்குப் பிறகும் எடுக்கலாம். யார் எப்போது வால்யூமை மாற்றினார்கள் என்ற கிளவுட்ட்ரெயில் நிகழ்வு வரலாறு 90 நாள்தான். நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். நம் 9.40 அங்கே 4.10, இதைக் குழப்பி அட்டவணை தாக்கல் செய்தால் சாட்சியின் நம்பகமே போய்விடும்.

இவ்வளவு அவசரம் இருப்பதால்தான் பழைய லாகின் ஆசை வருகிறது. ஒப்பந்தம் ரத்தான நாளோடு உங்கள் அனுமதி முடிந்தது. பாஸ்வேர்டை அவர்கள் மாற்றாதது அனுமதி ஆகாது. உள்ளே போய் டேட்டா எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 43-இல் இழப்பீடு. நேர்மையற்ற நோக்கம் என்று காட்டிவிட்டால் பிரிவு 66-இல் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ₹5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் நுழைந்த நேரமும் ஐபி முகவரியும் அவர்கள் கணக்கிலேயே பதிவாகும். பில் பாக்கி கேட்கப் போனவர் அன்றோடு குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிவிடுகிறார். அப்புறம் பாக்கியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

முறையாக உங்களிடமே இருப்பதைத் தேடுங்கள்: அலாரம் மெயில்கள், மாதாந்திர ரிப்போர்ட் பிடிஎஃப்கள், சொந்த சர்வரில் ஓடிய ப்ரொமீதியஸ் (கண்காணிப்பு சாப்ட்வேர்) பதிவு. அதிலும் செட்டிங்கை மாற்றாவிட்டால் 15 நாள்தான் தங்கும். கிளவுட்வாட்சை இழுத்துக் கிராஃபாகக் காட்டும் கிராஃபானா என்ற கருவி தன்னிடம் எதையும் சேமிப்பதில்லை. கையில் இல்லாததை வக்கீல் நோட்டீஸ் மூலம் கேளுங்கள்: வால்யூம் ஐடி, மெட்ரிக் பெயர்கள், தேதிகள் குறிப்பிட்டு, பதிவிறக்கிப் பாதுகாக்கச் சொல்ல வேண்டும். கேட்டும் மறைத்தால், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் பிரிவு 119-இன்படி அவர்களுக்குப் பாதகமாக அனுமானிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

ஸ்க்ரீன்ஷாட்டோடு வராதீர்கள். மின்னணுப் பதிவுக்கு அந்தச் சட்டத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழில் ‘அ’ பகுதியைத் தரப்பினரும் ‘ஆ’ பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். ஃபைலின் ஹாஷ் மதிப்பையும் (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கைரேகை) எழுத வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் சொன்ன பிறகு இதில் சலுகை எதிர்பார்க்க முடியாது.

என் யோசனை: சமரசம். ₹14 லட்சமும் அப்படியே கிடைக்காது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-இன்படி எழுதிய தொகை உச்ச வரம்புதான், நியாயமான இழப்பீடுதான் தருவார்கள். ஆனாலும் தேங்கிய நாட்களில் பாதி நிரூபணமானாலே ₹7 லட்சம் ஆகிறது. சிறு நிறுவனங்களின் பில் பாக்கியை விசாரிக்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போனாலும் எதிர்க்கோரிக்கை கூடவே வரும். ₹6 லட்சம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பேரத்தில் உங்கள் பக்கமும் ஒரு பிடி இருக்கிறது: இன்வாய்ஸ் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், உங்கள் பில்லின் வரியைக் காட்டி எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவை (வரிக் கழிவை) அவர்கள் வட்டியோடு திருப்ப வேண்டும். அவர்களுடைய ஆடிட்டருக்கு இது தெரியும்.

₹3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிக வழக்கு என்பதால், அவசர இடைக்கால உத்தரவு கேட்காதவரை, வணிக நீதிமன்றங்கள் சட்டம் பிரிவு 12ஏ சமரசத்துக்கு எப்படியும் போய்த்தான் வர வேண்டும். உடன்பாட்டை அங்கேயே எழுதுங்கள். அதற்கு நடுவர் தீர்ப்பின் மதிப்பு உண்டு, வெளியே போடும் பத்திரத்துக்கு இல்லை. இரு தரப்பும் மேற்கொண்டு எந்தக் கோரிக்கையும் எழுப்பமாட்டோம் என்ற வரி அதில் இருக்கட்டும். குறைத்துக்கொண்ட தொகைக்கு கிரெடிட் நோட் போடுவது பற்றியும் எழுதுங்கள். உங்கள் லாகினை நீக்கிவிட்டோம் என்று அவர்கள் கையெழுத்திட்டுத் தரும் வாக்குமூலத்தையும் இணைப்பாகச் சேர்த்துவிடுங்கள்.